குற்றாலச் சாரலில் துருப்பிடித்த தாத்தா ஜீப்: சரிபண்ணலாமா, காயலான் கடைக்கு விடலாமா?



தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பக்கம் பழைய வீடுகளுக்குப் போனா, கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குள்ள ஒரு ஜீப் நிக்கிறதை நீங்க பார்த்திருக்கலாம். தாத்தா எஸ்டேட்டுக்கு ஓட்டினது, இல்ல அப்பா தோப்புக்கு உரம் ஏத்தினது. டயர் மண்ணுக்குள்ள பாதி இறங்கியிருக்கும். கோழி உள்ளே முட்டையிடும். யாராவது கேட்டா, "ஒருநாள் சரிபண்ணணும்"னு வீட்டில் பதில் வரும்.

அந்த "ஒருநாள்" இப்போ உங்க கையில இருக்கு. முதல் வேலை கிடைச்சாச்சு. மத்தளம்பாறையில் ஜோஹோ மாதிரி ஒரு ஆபீஸுக்கு ஊரில் இருந்தே போய் வர்றீங்க, இல்ல சென்னை, பெங்களூரில் இருந்து மாசம் ஒருதடவை வர்றீங்க. சம்பளம் வருது. யூடியூபில் ஜீப் ரீஸ்டோரேஷன் வீடியோ பார்க்கிறீங்க. இருபது நிமிஷத்தில் துருக்கட்டி பளபளன்னு ஆகிடுது. "நம்மளும் பண்ணலாமே"ன்னு தோணுது.

தாராளமா பண்ணலாம். ஆனா அந்த இருபது நிமிஷ வீடியோவில் வராத மூணு விஷயம் இருக்கு: காகிதம், காலண்டர், கணக்கு. இந்த மூணும் சரியா இருந்தா, துருவை வார இறுதிகள்லயே ஜெயிச்சிடலாம். ஒண்ணு தப்பினாலும், பாதி பிரிச்சுப் போட்ட ஜீப்பும் மூணு வருஷ இஎம்ஐயும்தான் மிஞ்சும்.

முதல்ல, இது எந்த வண்டி?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்தான் இதோட மூதாதை. மஹிந்திரா அண்ட் மஹிந்திரா 1945-ல் இரும்பு வியாபாரக் கம்பெனியாகத் தொடங்கியது. நாற்பதுகளின் கடைசியிலேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே கோத்து விற்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் சிஜே-3பி, எண்பதுகளில் எம்எம் 540 என்று வரிசை நீண்டது. பெயர் மாறினாலும் அடிப்படை வடிவம் பெரிசா மாறலை. கீழே ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதுமேல போல்ட் போட்டு உட்கார வெச்ச தகட்டுத் தொட்டி. போடிக்கு மேல ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏத்திப் போறதும், சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறுறதும் இன்னைக்கும் இந்தக் குடும்பத்து வண்டிகள்தான்.

இந்த அமைப்பில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. இன்றைய கார்களில் உடம்பும் எலும்பும் ஒண்ணு. ஜீப்பில் தனித்தனி. போல்ட்டைக் கழட்டினா நாலு பேர், அஞ்சு பேர் சேர்ந்து தொட்டியைத் தூக்கித் தனியா வெச்சிடலாம். வளைவு நெளிவு குறைவான தட்டைத் தகடு என்பதால் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே வெட்டி மடக்கிப் போட முடியும். வீட்டில் ரீஸ்டோர் பண்றதுக்கு இதைவிட எளிய வண்டி கிடைக்கிறது கஷ்டம்.

சாரல் இங்கே என்ன பண்ணுது?

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியா இந்தப் பக்கம் நுழையறதால்தான், ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குச் சீசன். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் கொட்டும். சாரல் திருவிழா நடக்கும். மனுஷனுக்கு அது சொர்க்கம். இரும்புக்கு நரகம்.

துரு பிடிக்க இரும்பு, தண்ணி, ஆக்சிஜன் மூணும் வேணும். பெருமழை ஒரு மணி நேரம் அடிச்சு ஓஞ்சா, வெயில் வந்து காய வெச்சிடும். சாரல் அப்படி இல்லை. நாள் முழுக்கப் பொடிசாகத் தூறி, தகட்டை ஈரமாவே வெச்சிருக்கும். அது ஓஞ்சு கொஞ்ச நாளில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துடும். ஆக, வருஷத்தில் ஆறேழு மாசம் ஈரம். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் நின்ன வண்டியை உப்புக்காத்து அரிக்கும். நம்ம வண்டியை அரிக்கிறது வத்தாத ஈரம்.

அதனால துரு கண்ணுக்குத் தெரியற இடத்தில் தொடங்காது. தண்ணி தேங்கி நிக்கிற இடத்தில்தான் தொடங்கும். இந்த இடங்களைக் கட்டாயம் பாருங்க:

- கால் வைக்கிற தளத்தின் மூலைகள், ரப்பர் மேட்டுக்கு அடியில்.
- சீட்டுக்குக் கீழே இருக்கிற பெட்டி.
- தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடுற தொப்பி வடிவச் சட்டங்கள். போர்க்கால வில்லிஸில் இதுக்குள்ள மரக்கட்டையே வெச்சிருந்தாங்க. அது தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கிட்டு, உள்ளிருந்தே இரும்பைத் தின்னது.
- பின்சக்கர வளைவுகள், பின்கதவின் அடிப்பகுதி.
- முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு.
- தொட்டியும் சேசிஸும் சேர்ற போல்ட் இடங்கள்.

கையில ஒரு திருப்புளி எடுத்துக்கோங்க. சந்தேகமான இடத்தில் குத்திப் பாருங்க. பிடிக்கட்டையால தட்டிப் பாருங்க. "டங்"னு கேட்டா இரும்பு இருக்கு. "பொத்"துனு கேட்டா பெயிண்ட்தான் இருக்கு. துணி சுத்தின ஒரு காந்தத்தை உடம்பு பூரா ஓட்டுங்க. எங்க ஒட்டலையோ, அங்க யாரோ முன்னாடியே பட்டி டிங்கரிங் பார்த்து ஓட்டையை மூடியிருக்காங்கன்னு அர்த்தம்.

பார்த்ததை மூணு வகையாப் பிரிச்சு சாக்பீஸால் வண்டி மேலயே எழுதிடுங்க. மேல்துருவுக்கு "1". தகடு குழிகுழியா ஆகி, ஆனா திருப்புளி உள்ளே போகலைன்னா "2". ஓட்டை விழுந்துடுச்சு, இல்ல திருப்புளி இறங்கிடுச்சுன்னா "3". ஒண்ணும் ரெண்டும் உங்க உழைப்பு. மூணு பட்டறைச் செலவு. எத்தனை "3" இருக்கு என்பதுதான் உங்க பட்ஜெட். சேசிஸிலேயே "3" இருந்தா, மேற்கொண்டு ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி அனுபவம் உள்ள ஆள்கிட்ட காட்டுங்க. தளம் ஓட்டையானா கால் நனையும். சேசிஸ் ஓட்டையானா மலைரோட்டில் உயிருக்கு ஆபத்து.

ஸ்பேனருக்கு முன்னாடி ஆர்சி புக்

நிறையப் பேர் இதைக் கடைசியாப் பார்க்கிறாங்க. இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

தனியார் வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் தகுதிச் சோதனை முடிச்சு, படிவம் 25 கொடுத்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் முதல் 15 வயசு தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600-ல் இருந்து 5,000 ரூபாய் ஆச்சு. 2025 ஆகஸ்டில் 20 வயசு தாண்டின இலகுரக வாகனத்துக்கு 10,000 ரூபாயாக உயர்த்திட்டாங்க. பசுமை வரி தனி.

இதைவிடக் கடிக்கிற விஷயம் தாமதக் கட்டணம். புதுப்பிக்காம விட்ட ஒவ்வொரு மாசத்துக்கும், கார் ஜீப் வகைக்கு 500 ரூபாய்னு 2021 அறிவிப்பில் இருக்கு. ஆர்சி நாலு வருஷம் முன்னாடி முடிஞ்சிருந்தா, 48 மாசம், 24,000 ரூபாய். வண்டி கொட்டகையில தூங்கினாலும் இந்த மீட்டர் தூங்காது. நீங்க ரெண்டு வருஷம் நிதானமா வேலை பார்த்தா, அந்த 24 மாசத்துக்கு இன்னொரு 12,000 சேரும். கட்டணங்கள் அடிக்கடி மாறுது. பரிவாஹன் தளத்திலும் தென்காசி ஆர்டிஓவிலும் உங்க வண்டி நம்பரைச் சொல்லி, மொத்தம் எவ்வளவுன்னு கேட்டுட்டுத் தொடங்குங்க.

ஆர்சி இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கா? அவர் காலமாகிட்டார்னா வாரிசு சான்றிதழ், படிவம் 31 வழியா முதல்ல பெயர் மாத்தணும். இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் குடும்பம். சித்தப்பா, அத்தை எல்லாருக்கும் அதில் உரிமை இருக்கலாம். நீங்க ரெண்டு லட்சம் போட்டு பளபளன்னு ஆக்கினதுக்கு அப்புறம்தான் "அது எங்க அப்பா வண்டியாச்சே"ன்னு ஒரு குரல் வரும். துருப்பிடிச்சு நிக்கிறப்பவே கையெழுத்து வாங்கிடுங்க. அப்போ எல்லாரும் சந்தோஷமாப் போடுவாங்க.

புளியரை தாண்டி கேரளத்தில் மலிவா ஒரு ஜீப் வருதுன்னா, என்ஓசி இருக்கான்னு பாருங்க. வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்கே வெச்சிருந்தா இங்கே மறுபதிவு பண்ணணும், வரியும் கட்டணும். டில்லிப் பக்கம் பழைய டீசல் வண்டி ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கும் காரணம் இருக்கு. அங்கே அதை ஓட்டவே கட்டுப்பாடு. விலை குறைவுன்னு பார்த்து வாங்கினா, வித்தியாசம் காகிதச் செலவில் போயிடும்.

இன்னும் மூணு சின்ன எச்சரிக்கை:

சேசிஸ் நம்பர் பொறிச்ச இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அந்த எழுத்து அழிஞ்சா வண்டி யாருதுன்னு நிரூபிக்கிறது பெரும்பாடு. முதல்நாளே அங்கே டேப் ஒட்டிடுங்க.

ராணுவப் பச்சை அடிக்கணும்னு ஆசையா? வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் கிரீன் நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். வேற நிறம் மாத்தினாலும் ஆர்சியில் பதியணும். வண்டி அமைப்பையே மாத்துறதையும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்திடுச்சு. ஆர்சியில் இருக்கிற அசல் உருவத்துக்குத் திருப்புறதுதான் சட்டத்துக்கும் பர்ஸுக்கும் நல்லது.

"வின்டேஜ்" என்பது சும்மா பெருமைச் சொல் இல்லை. 2021 விதிப்படி முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டி, அசல் நிலையிலேயே இருக்கிற வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. புதுப்பதிவுக் கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனா அந்தப் பதிவு வாங்கினா அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை அருவிக்குப் போகணும்னா உங்களுக்கு வேண்டியது சாதாரணப் புதுப்பிப்பு.

காலண்டரைச் சாரல்தான் எழுதும்

சுத்தம் பண்ணின வெறும் இரும்பு, ஈரக்காத்தில் ஒரே ராத்திரியில் பழுப்பு பூக்கும். பெயிண்ட் தொழிலில் ஒரு பொது விதி உண்டு. காத்தில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா அடிக்காதே. தகட்டின் சூடு, பனி இறங்குற வெப்பநிலையைவிடக் குறைஞ்சது 3 டிகிரி அதிகம் இருக்கணும். சீசன் நேரத்தில் குற்றாலம் பக்கம் இந்த ரெண்டும் சேர்ந்து அமையற நாள் அபூர்வம்.

அதனால உங்க வேலைக்காலம் ஜனவரி முதல் மே வரை. சுமார் 20 வார இறுதிகள். வாரத்துக்கு ஒரு நாள், ஆறு மணி நேரம்னா 120 மணி நேரம். கல்யாணம், கோயில் கொடை, ஆபீஸ் டெட்லைன் எல்லாம் போனா நூறுன்னு வெச்சுக்கோங்க. ஒரு ஜீப்பை முழுசா முடிக்க ஒரு சீசன் போதாது. ரெண்டு கோடை திட்டம் போடுங்க.

இங்கேதான் முக்கியமான பாடம் வருது. வேலையைக் கட்டங்களாப் பிரிங்க. ஒவ்வொரு கட்டமும் முடியறப்போ, அங்கேயே ஒரு வருஷம் நிறுத்தி வெச்சாலும் வண்டி கெடாம இருக்கணும். முழு வண்டியையும் பிரிச்சு, பெயிண்டை உரிச்சு, பாதியில் காசு தீர்ந்து, ஜூன் மாசச் சாரலில் வெறும் இரும்பா நின்னா, நீங்க தொடாமலே விட்டிருந்தா இருந்ததைவிட மோசமான நிலைமை. பாதி பிரிச்ச ஜீப்புக்குக் காயலான் கடையிலும் மரியாதை கிடையாது.

முதல் கோடை: தொட்டியைத் தூக்கி, அடிப்பக்கமும் தளமும் சேசிஸும் மட்டும். மே கடைசிக்குள்ள எல்லாம் எபாக்ஸி பிரைமருக்குள்ள போயிடணும். இரண்டாவது கோடை: வெளித்தகடு, பட்டி, பெயிண்ட், ரப்பர், படுதா, அப்புறம் ஆர்டிஓ.

வீட்டில் எது, பட்டறையில் எது?

வீட்டில் நீங்களே பண்ணக்கூடியது சுத்தம் பண்ற வேலை. நேரம் தின்கிற வேலை இதுதான், அதனால கூலி மிச்சமும் இதில்தான் அதிகம்.

இறுகிப்போன போல்ட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துருநீக்கி ஸ்பிரே அடிச்சு ஊற விடுங்க. கழட்டின ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து, கவரில் போட்டு, பெயர் எழுதிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஞாபகம் இருக்காது.

கிரைண்டர் வாங்குங்க. மாவரைக்கிறது இல்லை, நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். கம்பி பிரஷ் மாட்டி மேல்துருவை எடுங்க. கம்பி தெறிச்சுப் பறக்கும், அதனால கண்ணாடியும் முழு முகக் கவசமும் இல்லாம சுவிட்ச் போடாதீங்க. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காயவெச்சுத் தேய்ச்சு தூசி கிளப்பாம, தண்ணி தொட்டு உப்புத்தாள் போடுங்க. துகள் தடுக்கிற நல்ல மாஸ்க் கட்டாயம். சின்னப் பிள்ளைங்க விளையாடுற முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

கீல், கொக்கி, பிராக்கெட் மாதிரி சின்னச் சாமானுக்கு மின்பகுப்பு முறை அருமை. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணி, அதில் அஞ்சு லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் டிசி சார்ஜரின் நெகட்டிவில் துருப்பிடிச்ச சாமான், பாசிட்டிவில் ஒரு பழைய இரும்புத் துண்டு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. ராத்திரி முழுக்க விட்டா துரு கழண்டு வந்துடும். பாசிட்டிவில் எவர்சில்வர் மட்டும் வைக்கவே கூடாது, நச்சு குரோமியம் உருவாகும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாம பண்ணுங்க. தண்ணிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி சார்ஜரை அணைங்க.

குழி விழுந்த "2" இடங்களுக்குத் துருமாற்றி திரவம் உண்டு. சிலது பாஸ்பாரிக் அமிலம், சிலது டானின். கடுக்காய்த் தண்ணி இரும்பில் பட்டா கருக்கும் இல்லையா, அதே வேதியியல்தான். மிச்சமிருக்கிற துருவைக் கெட்டியான கறுப்புப் படலமா மாத்தும். ஆனா ஓட்டையை அடைக்காது. உதிரித் துருவைச் சுரண்டாம அதுமேல தடவினா பிரயோஜனமும் இல்லை.

பட்டறைக்கு விட வேண்டியது ரெண்டு வேலை. ஒண்ணு வெல்டிங். அசல் ஜீப் தகடு சுமார் 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர்தான். சாதாரண ஆர்க் வெல்டிங் அதை எளிதா ஓட்டையாக்கிடும். மிக் வெல்டிங் உள்ள பட்டறையாப் பாருங்க. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி, டீசல் டேங்க், எரிபொருள் குழாய் எல்லாம் கழட்டியிருக்கணும். டேங்கில் டீசல் இல்லைன்னாலும் ஆவி இருக்கும், அதுதான் வெடிக்கும். இன்னொண்ணு, 2கே எனப்படும் ரெண்டு பொருள் கலந்து அடிக்கிற பியூ பெயிண்ட். அதில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா வர வைக்கும். சாதாரண மாஸ்க் இதுக்குப் போதாது. வீட்டுக் கொட்டகையில் இந்த வேலை கூடாது.

பட்டறையில் மாஸ்டர்கிட்ட இப்படிக் கேளுங்க: "அண்ணாச்சி, தளத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு போடுவீங்களா, இல்ல மேலயே ஒரு தகடு ஒட்டுவீங்களா?" மேல ஒட்டுறது சீக்கிரம் முடியும், காசும் கம்மி. ஆனா ரெண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணி புகுந்து மறுபடி அரிக்கும். "வெட்டித்தான் போடணும், நாள் ஆகும்"னு சொல்ற அண்ணாச்சிகிட்ட வண்டியை விடுங்க. பேசின கூலியை ஒரு தாளில் எழுதி, கட்டம் கட்டமாக் கொடுங்க. முன்பணமா முழுசாக் கொடுத்துடாதீங்க.

ரெட் ஆக்சைடு அடிச்சா போதுமான்னு கேப்பீங்க. அது தண்ணியை முழுசாத் தடுக்காது. மேல பெயிண்ட் இல்லாம ஒரு சீசன் நின்னா அடியில் துரு கிளம்பும். நிறுத்தி வைக்கப்போற வண்டிக்கு எபாக்ஸி பிரைமர்தான் சரி. பட்டியும் ஈரத்தை உறிஞ்சும், அதனால நல்லாக் காஞ்ச நாளில், மெல்லிசாத்தான்.

இப்போ நம்ம ஏரியா: கணக்கு

கீழே இருக்கிற தொகைகள் கணக்குப் போட ஒரு மாதிரி மட்டும். உங்க ஊர்ப் பட்டறையில் கேட்டு உங்க எண்ணை எழுதிக்கோங்க.

- டிங்கரிங், வெல்டிங், தகடு: 55,000
- பெயிண்ட் வேலை: 40,000
- கருவி, பாதுகாப்புச் சாமான், பிரைமர்: 20,000
- ரப்பர், போல்ட், வயரிங், படுதா: 20,000
- ஆர்சி, இன்சூரன்ஸ், தகுதிச் சோதனை: 25,000

கூட்டினா 1,60,000. இதோட 25 சதவீதம், அதாவது 40,000 "பிரிச்சதுக்கு அப்புறம் தெரிஞ்சது" என்ற தலைப்பில் வைங்க. ஜீப்பில் இந்தத் தலைப்பு காலியா இருந்ததா சரித்திரம் இல்லை. மொத்தம் 2,00,000. என்ஜின், பிரேக் வேலை இதில் சேராது. ஆர்சி தாமதக் கட்டணமும் சேராது. மேல பார்த்த 24,000 உங்களுக்கும் பொருந்தினா, அந்த 40,000-ல் பாதிக்கு மேல அங்கேயே போயிடும்.

இன்சூரன்ஸ்: 1500 சிசிக்கு மேல உள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூனில் 7,897 ரூபாய்னு வெச்சாங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 9,318. எம்எம் 540-ன் டீசல் என்ஜின் 2112 சிசி என்பதால் இந்த வகைதான் வரும். இது வருஷா வருஷம் வர்ற செலவு. ஐந்து வயசு தாண்டின வண்டிக்கு ஐடிவி மதிப்பு, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிறதுதான். அதனால செலவு பண்ணின ஒவ்வொரு பில்லையும், ஒவ்வொரு கட்டத்து போட்டோவையும் பத்திரமா வைங்க.

இந்த ரெண்டு லட்சம் எங்கிருந்து வரும்?

வழி ஒண்ணு, பெர்சனல் லோன். 14 சதவீத வட்டி, 3 வருஷம். இஎம்ஐ சுமார் 6,835. மொத்தம் கட்டுறது சுமார் 2,46,000. வட்டி மட்டும் 46,000, அதாவது நம்ம பட்ஜெட்டின் முழுப் பெயிண்ட் வேலையைவிட அதிகம்.

வழி ரெண்டு, மாசம் 7,000 ஆர்டி. வட்டியைக் கணக்கில் எடுக்காமலே 29 மாசத்தில் ரெண்டு லட்சம் வந்துடும். இஎம்ஐ கட்டுறதைவிட ஏழு மாசம் முன்னாடியே முடியும்.

"29 மாசம் யார் காத்திருக்கிறது?"ன்னு கேப்பீங்க. காத்திருக்கவே வேண்டாம், சாரல்தான் உங்களை எப்படியும் காத்திருக்க வைக்கும். ஜூனில் சேமிக்க ஆரம்பிங்க. அடுத்த மே வரை 12 மாசம், 84,000. முதல் கோடைக்கு வேண்டிய கருவியும் வெல்டிங்கும் 75,000. சரியாப் போச்சு. இரண்டாவது மே முடியறப்போ மொத்தம் 1,68,000 சேர்ந்திருக்கும். பெயிண்ட், ரப்பர், ஆர்சி எல்லாம் சேர்த்து 1,60,000-க்குள்ள முடிஞ்சா அந்தச் சீசனுக்கே வண்டி ரெடி. எதிர்பாராத செலவு வந்தா மிச்சத்துக்கு இன்னும் அஞ்சு மாசம். லோன் வாங்கி மொத்தப் பணத்தையும் முதல் நாளே கையில வெச்சிருந்தாலும், ஜூலை மாசத்தில் பெயிண்ட் அடிக்க முடியாதே! வேலை கட்டம் கட்டமா நடக்கிறப்போ, பணத்தை மட்டும் மொத்தமாக் கடன் வாங்கி வட்டி கட்டுறதில் அர்த்தமே இல்லை.

கிரெடிட் கார்டு பத்தி ஒரு வரி. மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. மினிமம் டியூ மட்டும் கட்டுறது ஓட்டைக்கு மேல பட்டி பூசுற மாதிரி. மேல வழவழன்னு இருக்கும், அடியில் அரிச்சுக்கிட்டே இருக்கும்.

அந்த 7,000-ஐ எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு மூணு விஷயம் இருக்கணும்: ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, ஆபீஸ் தர்றதைத் தாண்டி ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ், உங்களை நம்பி வீட்டில் ஆள் இருந்தா டேர்ம் இன்சூரன்ஸ். அவசர நிதியில் இருந்து ஜீப்புக்கு எடுக்காதீங்க. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு வர்ற அன்னைக்கு, பாதி பெயிண்ட் அடிச்ச ஜீப்பை யாரும் நியாயமான விலைக்கு வாங்க மாட்டாங்க.

இது முதலீடா?

இல்லை. ரெண்டு லட்சம் போட்டா விலை ரெண்டு லட்சம் ஏறும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. விற்கிறதுக்காகப் பண்றீங்கன்னா, இப்படியே இருக்கிற நிலையில் என்ன விலைக்குக் கேக்கிறாங்க, முடிச்ச வண்டி இதே மாவட்டத்தில் என்ன விலைக்குப் போகுதுன்னு நேரில் விசாரிங்க. வித்தியாசம் உங்க பட்ஜெட்டைவிடக் குறைவா இருந்தா, அந்தக் குறைச்சல்தான் உங்க பொழுதுபோக்கின் உண்மையான விலை. அந்த விலை உங்களுக்குச் சம்மதமா? சம்மதம்னா பண்ணுங்க. ரெண்டு வருஷம் கையால வேலை கத்துக்கிறது, அப்பாவோட ஞாயித்துக்கிழமை கொட்டகையில உக்காந்து போல்ட் கழட்டுறது, இதுக்கெல்லாம் எக்செல் ஷீட்டில் காலம் கிடையாது. ஆனா செலவுக்கு உண்டு. ரெண்டையும் தெரிஞ்சே முடிவெடுங்க.

இந்த நாலில் ஒண்ணு இருந்தா மட்டும் விட்டுடுங்க: சேசிஸ் அரிச்சுப்போயிருக்கு, ஆர்சியே கிடைக்கலை, பங்காளிகள் சம்மதம் இல்லை, இல்ல உங்ககிட்ட இன்னும் அவசர நிதி சேரலை. முதல் மூணுக்கு, பதிவுபெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்சி ரத்து பண்றதுதான் சுத்தமான வழி. காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டு ஆர்சியை உயிரோட விட்டா, நாளைக்கு அந்த நம்பரை யாராவது தப்பாப் பயன்படுத்தினா கேள்வி உங்க வீட்டுக்கு வரும்.

நாலாவதுக்கு மருந்து காலம்தான். அதுவரை துருவை நிறுத்தி வைக்க ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் செலவில் இதைப் பண்ணுங்க: மேட்டையும் குப்பையையும் வெளியே எடுங்க. தளத்தில் அடைச்சுக் கிடக்கிற வடிகால் ஓட்டைகளைத் திறந்து விடுங்க. டயரை மண்ணில் இருந்து தூக்கி, செங்கல் இல்லாம, உறுதியான மரக்கட்டை மேல வண்டியை நிறுத்துங்க. ஈர வண்டி மேல பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தாதீங்க, உள்ளே வேர்த்து வேர்த்து அரிக்கும். கூரை இருக்கணும், பக்கவாட்டில் காத்து ஓடணும். துரு தெரியற இடத்தில் பழைய என்ஜின் ஆயிலாவது துணியில் தொட்டுத் தடவுங்க. பின்னாடி பெயிண்ட் அடிக்கிறப்போ அந்த எண்ணெயைச் சுத்தமா எடுக்கணும் என்பதை மட்டும் மறந்துடாதீங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூணே வேலை. ஆர்சியைத் தேடி எடுங்க. திருப்புளியும் சாக்பீஸும் எடுத்துட்டுப் போய் 1, 2, 3 எழுதுங்க. எத்தனை "3"னு எண்ணிட்டு, மாசம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும்னு உங்க சம்பள நாள் கணக்கில் பாருங்க. இந்த மூணும் கையில இருந்தா, பட்டறை வாசலில் நிக்கிறப்போ பேரம் பேசறது நீங்களா இருப்பீங்க.

இன்னும் ரெண்டு கோடை. அதுக்கு அப்புறம் வர்ற சாரல்ல, கடன் இல்லாத ஒரு ஜீப் ஐந்தருவி ரோட்டில் ஏறட்டும்.